நுண்கதிர் வீச்சாளர் பணி: நம் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் பங்குத்தந்தையர் இல்லத் திண்ணைகளில் பெற்றோர் காத்திருப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். வரதராசன்பேட்டையானாலும் தென்னூரானாலும், ஏலாக்குறிச்சியானாலும் பாளையமானாலும், அன்னமங்கலமானாலும் தொண்டமாந்துறையானாலும் கேள்வி ஒன்றுதான்: "சாமி, பிள்ளையை எதில் சேர்ப்பது?" மருத்துவப் படிப்பு எட்டவில்லை. பொறியியல் படித்த அண்டை வீட்டுப் பையன் வேலை தேடி அலைகிறான். செவிலியர் பணிக்கு வீட்டில் ஒருத்தி ஏற்கெனவே சென்றுவிட்டாள். இந்நிலையில் அண்மைக் காலமாகப் பெற்றோர் பலர், "எக்ஸ்-ரே, ஸ்கேன் படிப்பு என்கிறார்களே, அது எப்படி?" என்றும் வினவுகின்றனர்.

கேள்வி நல்லதே. ஆனால் அதற்கு விடை சொல்ல முந்திக்கொள்வோர் பெரும்பாலும் பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் ஒட்டுவோராய் இருப்பதுதான் நமக்குக் கவலை தருகிறது. "ஆறே மாதங்களில் எக்ஸ்-ரே படிப்பு, வேலை உறுதி" என்னும் வாசகத்தை நம்பி, தாயின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டியபின், பெற்ற சான்றிதழ் எந்த அரசு அலுவலகத்திலும் செல்லாது என்று அறிய வரும் குடும்பத்தின் துயரம் சிறிதன்று. ஆகவே இப்பணி யாது, அதற்குரிய நேர்வழி எது, அதிலுள்ள இடர்கள் எவை என்பனவற்றைச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் "ரேடியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட்", அதாவது கதிரியல் மருத்துவரின் உதவியாளர், என்றொரு பதவி 2000-க்குப் பின்வந்த ஆண்டுகளில் உருவாயிற்று. பல ஆண்டுகள் எக்ஸ்-ரே எடுத்துத் தேர்ந்தவர்கள் மேற்கொண்டு பயின்று, மருத்துவரின் மேற்பார்வையில் சில சோதனைகளைத் தாமே செய்வர்; ஆயினும் படத்தைப் பார்த்து நோயை முடிவு செய்யும் உரிமை மருத்துவருக்கே உண்டு. இங்கிலாந்தில் இதனினும் ஒருபடி மேலே சென்று, தனிப் பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் சிலவகைப் படங்களுக்கு அறிக்கையும் எழுதுகின்றனர். இந்தியாவில் இவ்விரண்டும் இல்லை. நம் தமிழகத்தில் "சான்று பெற்ற கதிரியல் உதவியாளர்" என்ற பெயரில் அரசு நடத்திய பயிற்சி நெடுங்காலமாக அறியப்பட்டது, சி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அப்பயிற்சி பெற்றவர் அமரும் அரசுப் பதவிக்குத் தமிழில் "நுண்கதிர் வீச்சாளர்" என்று பெயர். ஊரார் வாயில் அவர் "எக்ஸ்-ரே எடுக்கிறவர்". எம்.பி.பி.எஸ். முடித்து மேலும் கதிரியலில் பட்டமேற்படிப்புப் படித்தவரே கதிரியல் மருத்துவர். நுண்கதிர் வீச்சாளர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் பதவி உயர்வால் மருத்துவராகிவிட முடியாது. இதனைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

1895 நவம்பர் 8 அன்று செர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்லியம் கான்ராட் ராண்ட்கன் என்னும் பேராசிரியர் இக்கதிரைக் கண்டறிந்தார். இன்னதென்று தெரியாத கதிர் என்பதால் கணிதத்தில் தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்தையே அதற்குப் பெயராக்கினார். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. மனித குலம் முழுவதற்கும் அது பயன்படட்டும் என்று விட்டுவிட்டார். அதனாலன்றோ ஏழையின் மார்பும் இன்று படமெடுக்கப்படுகிறது! சென்னை அரசு பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டு அவர்களின் பெயரால் 1934-இல் எழுந்த பர்னார்டு கதிரியல் நிலையம் இத்துறையில் நம் மாநிலத்தின் தாய்வீடு எனலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையை வளர்த்தவர் ஒரு பெண்மணி. நிறுவனர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் தம்பி அல்லது தமையன் மகளும் அதே பெயரினருமான டாக்டர் ஐடா பி. ஸ்கடர் அவர். இன்னொரு செய்தியும் நம் வாசகருக்கு இனிக்கும்: அதிதூதரான புனித மிக்கேலைக் கதிரியல் துறையினரின் பாதுகாவலராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1941-இல் அறிவித்தார்.

பணியின் தன்மை

பொத்தானை அமுக்கினால் படம் வந்துவிடும், இதற்கு நான்காண்டுப் படிப்பா என்று கேட்பவர் உண்டு. பொத்தானை அமுக்குவது இப்பணியின் நூற்றில் ஒரு பங்கு. நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவரைப் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு நள்ளிரவில் கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருச்சி–சென்னைச் சாலை ஊரை ஒட்டிச் செல்வதால் இது அங்கு அரிதான நிகழ்ச்சியன்று. கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும். அசைத்தால் உயிருக்கோ கைகால்களுக்கோ கேடு. அசைக்காமலே இரு கோணங்களில் படமெடுக்க வேண்டும். எவ்வளவு மின்னழுத்தம், எத்தனை நொடிப் பொழுது, கருவிக்கும் உடலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை அந்தப் பரபரப்பில் கணித்தாக வேண்டும். இடம், வலம் என்னும் குறியை மாற்றி வைத்துவிட்டாலோ, நல்ல காலை அறுக்கும் அளவுக்குப் போகக்கூடிய பிழை அது. படம் மங்கினால் மீண்டும் எடுக்க நேரும்; மீண்டும் எடுத்தால் நோயாளிக்கு மீண்டும் கதிர். முதல் முறையிலேயே செம்மையாக எடுப்பவரே இத்தொழிலில் வல்லவர்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்தது. தூசியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் இருமலோடு வருவர். காசநோயா வேறா என்று பிரித்தறிய மார்புப் படம் வேண்டும். "மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்" என்று சொல்வது எளிது. மூச்சே விட முடியாத முதியவரை அன்பாகப் பேசி இழுக்க வைப்பது ஒரு கலை. காசநோயைத் தேடிக் கிராமங்களுக்கே எடுத்துச் செல்லும் கையடக்க எக்ஸ்-ரே கருவிகளும் இப்போது தமிழகத்தில் புழக்கத்துக்கு வந்துள்ளன. மரத்தடியில் படமெடுக்கும் வீச்சாளர், சுற்றி நிற்கும் சிறுவர்களை விலகி நிற்கச் செய்வதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

(இவ்விரு மாவட்டங்களும் மறைந்தவற்றைக் காட்டித் தருவதில் பேர்பெற்றவை என்பது நினைவுக்கு வருகிறது. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரமும், அரியலூர் மண்ணில் பழங்காலக் கடலுயிர்களின் எச்சங்களும் கிடைத்திருப்பதை நம் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பர்.)

எக்ஸ்-ரே அறையில் நகைகளைக் கழற்றச் சொல்வது வழக்கம். நம் தாய்மார் பலர் கழுத்திலிருந்து உத்தரியத்தையும் மாதா சுரூபத்தையும் எடுக்கத் தயங்குவர். தாலியைக் கழற்ற அதனினும் தயங்குவர். அதட்டாமல், காரணம் சொல்லி, வாங்கிய பொருளைத் தூய்மையான ஓரிடத்தில் வைத்துத் திருப்பித் தரும் ஊழியரை அவர்கள் மறப்பதில்லை. எம்.ஆர்.ஐ. அறையிலோ இது வெறும் மரியாதைப் பிரச்சினையன்று. அங்குள்ள காந்தம் பூமியின் காந்த விசையைப்போல் பல்லாயிரம் மடங்கு வலியது. இரவு பகலாக ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பது. 2018 சனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்காக ஆக்சிசன் உருளையை அவ்வறைக்குள் எடுத்துச் சென்ற உறவினர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். வாயிலில் நிற்கும் ஊழியர் ஒருவர் "உள்ளே கொண்டு போகாதீர்கள்" என்று உறுதியாகத் தடுத்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். அந்த உறுதியும் இப்படிப்பில் கற்றுத் தரப்படும் பாடமே.

சேரும் வழி

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் "பி.எஸ்சி. ரேடியாலஜி அண்டு இமேஜிங் டெக்னாலஜி" என்னும் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. மூன்றாண்டுப் பாடம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, ஆக நான்காண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் படித்தவரும் சேரலாம். வணிகவியல் பிரிவில் படித்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாக ஒருவர் சொன்னால், அந்த இடத்தைவிட்டு வந்துவிடுவதே நன்று. இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி ஒதுக்குகிறது. இதுவரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையாக இருந்து வந்துள்ளது. விதிகள் மாறக்கூடியவை ஆதலால் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பட்டப்படிப்பு வேண்டாம், விரைவில் வேலைக்குப் போக வேண்டும் என்னும் குடும்பங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் கதிர்ப்பட நோயறி தொழில்நுட்பத்தில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. இதனினும் சிறியது இருட்டறை உதவியாளர் பயிற்சி. முற்காலத்தில் படத்தாளைச் சிவப்பு விளக்கொளியில் மருந்து நீரில் கழுவி உலர்த்தியவர் இவரே. கணினிப் படம் வந்தபின் இருட்டறைகள் குறைந்து வருகின்றன. எனவே வேறு வழியுள்ள பிள்ளையை இதில் மட்டும் நிறுத்திவிடுவதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் இதற்கெல்லாம் சென்னையோ தஞ்சையோ திருச்சியோதான் கதி. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கி வருகிறது. எந்தக் கல்லூரியில் எந்தத் துணை மருத்துவப் படிப்புக்கு எத்தனை இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாணவருக்குத் தேவை நல்ல கட்டடமன்று. நாள்தோறும் நோயாளிகள் வந்து போகும் பெரிய மருத்துவமனை. படமெடுக்க ஆள் வராத இடத்தில் நான்காண்டு இருந்தாலும் கை பழகாது.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டத்தைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் இத்தொழிலருக்கும் பதிவேடு வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். துணை மருத்துவத் தொழிலர் எனப்படுவதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், நலவாழ்வுத் தொழிலர் எனப்படுவதற்கு 3,600 மணி நேரமும் வேண்டும் என்று அது வரையறுக்கிறது. ஆறு மாதச் சான்றிதழ்காரரின் நிலை இனி என்னவாகும் என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பணம் கட்டுமுன் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை தேர்வு நடத்துகிறது? பயிற்சி எந்த மருத்துவமனையில்? சென்ற ஆண்டு தேர்வெழுதியவர் எத்தனை பேர்? நேரான நிறுவனம் நேரான விடை தரும்.

பெண் பிள்ளைகளும் கதிரின் அச்சமும்

"கதிர் பட்டால் பிள்ளை பிறக்காதாமே? நாளை யார் கட்டிக்கொள்வார்கள்?" தாய்மார் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி இது. இதனை மூடத்தனம் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இக்கதிர் ஆளைக் கொன்ற காலம் உண்டு. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-ரே குழாய்களோடு உழைத்த கிளாரன்ஸ் டாலி, கைகளை இழந்து 1904-இல் மாண்டார். முதல் உலகப் போரில் எக்ஸ்-ரே வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டு சென்று, பெண்களுக்கு அக்கருவியை இயக்கப் பயிற்சியும் தந்த மேரி கியூரி அம்மையார் 1934-இல் இரத்தசோகை நோயால் இறந்தார். கதிரே காரணம் என்று கருதப்படுகிறது. இத்தகையோர் நினைவாகச் செர்மனியின் ஆம்பர்க் நகரில் 1936-இல் ஒரு கல் நாட்டப்பட்டது. அன்றே அதில் 169 பெயர்கள்.

அவர்கள் இறந்ததனால்தான் இன்று நமக்கு விதிகள் உள்ளன. 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இன்றி இந்நாட்டில் எக்ஸ்-ரே கருவியை இயக்கலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவரை இப்பணியில் அமர்த்தலாகாது. பணியாளர் பெறும் கதிரளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஓராண்டிலும் 30-ஐயும் தாண்டக்கூடாது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒவ்வொரு மனிதரும் பெறுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 என்பதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். ஒழுங்காக நடக்கும் எக்ஸ்-ரே கூடத்தில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று பணிபுரிபவர் பெறுவது அவ்வரம்பின் மிகச் சிறு பங்கே. மார்பில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. என்னும் சிறு வில்லை அதனை அளந்து வைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிக் கணக்குப் பெற வேண்டும். கருவுற்ற பணியாளர் உடனே நிர்வாகத்துக்குத் தெரிவித்தால், எஞ்சிய மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேராதவாறு வேலையை மாற்றித் தருவது அவர்களின் கடமை. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்டு ஸ்கேன் ஆகியவற்றில் இக்கதிரே இல்லை.

எனவே அஞ்ச வேண்டியது கதிரை அன்று. வில்லையும் தராமல், ஈய அங்கியும் தராமல், "சும்மா நின்று எடுங்கள்" என்று சொல்லும் முதலாளியை. வேலைக்குச் சேரும் நாளிலேயே வில்லை எங்கே என்று கேட்கும் துணிவு நம் பெண்களுக்கு வேண்டும். கதிர் பட்டுக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள நாள்தோறும் ஊழியரையே நிறுத்துவதும் தவறு. ஈய அங்கி அணிந்த உறவினர், அதுவும் கருவுறாதவர், பிடிக்கலாம்.

இத்துறைக்குப் பெண்கள் வருவதை நாம் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான மாமோகிராம் சோதனைக்கு ஆண் ஊழியர் முன் நிற்க நம் கிராமத்துப் பெண்கள் ஒருப்படுவதில்லை. "கருவுற்றிருக்கிறீர்களா? மாதவிலக்கு எப்போது?" என்று படத்துக்கு முன் கேட்டாக வேண்டிய கேள்விக்கும் ஓர் ஆண்மகனிடம் உண்மை விடை வருவதில்லை.

ஸ்கேன் அறையின் சோதனை

எழுதக் கூச்சமாக இருப்பினும் எழுதாமல் விட முடியாத செய்தி ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 897 மட்டுமே. தமிழகத்திலேயே மிகத் தாழ்ந்த எண்களுள் அது ஒன்று. பெரம்பலூரும் வெகுவாக மேலான நிலையில் இல்லை. பிறக்காமற் போன பெண் குழந்தைகள் எங்கே சென்றனர்? வயிற்றிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சொன்னவர் மருத்துவராயினும், அந்நிலையத்தில் வேலை செய்யும் ஊழியராயினும், முதற் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கருவுற்றவருக்கு ஸ்கேன் செய்யும் உரிமை தகுதி பெற்ற மருத்துவருக்கே. ஊழியர் உதவலாம், பதிவேட்டை நிரப்பலாம். ஆயினும் அண்மை ஆண்டுகளில் தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் எடுத்துச் செல்லக்கூடிய ஸ்கேன் கருவியை வீடுகளில் வைத்துக்கொண்டு பாலினம் சொல்லிப் பணம் பறித்தோர் கைதாகியுள்ளனர்.

நம் பங்குப் பிள்ளை இத்துறைக்குச் சென்றால் இந்தச் சோதனை ஒருநாள் அவர் முன்னும் வந்து நிற்கும். பெரும்பாலும் அந்நியர் வடிவில் வராது. அத்தை மகள், ஊர்ப் பெரியவர், உடன் படித்தவரின் மனைவி என்று உறவு வடிவில் வரும். "ஒரு சைகை போதும், வாய் திறந்து சொல்ல வேண்டாம்" என்பார்கள். கருவிலுள்ள உயிரைப் பற்றித் திருச்சபை கற்பிப்பதை ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டவர்கள், அந்த அரை நொடியில் முகத்தை அசைக்காமல் இருக்க முடிய வேண்டும். ஒரு மாத ஊதியத்தைக் காட்டிலும் பெரிய தொகை மேசை மேல் இருக்கும்போது இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். வீட்டார் அதற்கு முன்பே பேசி வைத்திருந்தால் பிள்ளைக்குச் சற்று வலுக் கிடைக்கும்.

வேலையும் வருவாயும்

அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அவ்வப்போது அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுக்கிறது. அறிவிப்புக்கு இடையே ஆண்டுகள் கழிவதும் உண்டு. அதற்காக வீட்டில் காத்திருத்தல் தகாது. தனியார் ஸ்கேன் நிலையங்களில் தொடக்க ஊதியம் குறைவே, இரவுப் பணியும் உண்டு. சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளில் கை தேர்ந்தபின் நிலை உயரும். மேற்கொண்டு எம்.எஸ்சி. படித்து ஆசிரியராகலாம். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் அந்நாட்டு உரிமத் தேர்வை எழுத வேண்டும். பட்டத்தையும் பணி அனுபவத்தையும் அவர்கள் வேரோடு சரிபார்ப்பார்கள். போலிச் சான்றிதழ் அங்கே ஒருநாளும் நிற்காது.

இறுதியாக விண்ணப்பத்தைப் பற்றி ஒரு சொல். ஆதிதிராவிடர் வகுப்பிலிருந்து கிறிஸ்தவராகிய குடும்பத்தார்க்குத் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழே வழங்கப்படுகிறது. பள்ளிச் சான்றில் ஒருவிதமாகவும் சாதிச் சான்றில் வேறுவிதமாகவும் இருந்தால் கலந்தாய்வு நாளில் இடம் கைநழுவும். தேர்வு முடிவுக்குக் காத்திராமல் பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் அதனைச் சரிசெய்து வைப்பதும், பெயரும் தலைப்பெழுத்தும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக உள்ளனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நலம்.